பழைய லாரி என்ஜின் வாங்குறீங்களா? பெயிண்டை பார்க்காதீங்க, பிளாக்கை பாருங்க!

நாமக்கல்:

நகையை அடகு வைத்து, சீட்டு பணத்தை எடுத்து பழைய லாரி வாங்கும் டிரைவர்கள் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் ஏராளம். கேபினுக்கு புது பெயிண்ட், உள்ளே புது சீட், என்ஜினுக்கும் பளபளன்னு சில்வர் பெயிண்ட் அடித்து நிறுத்தி இருப்பார்கள். "போன மாசம்தான் என்ஜின் வேலை பார்த்தது" என்று புரோக்கர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அட்வான்ஸ் கை மாறி விடும்.

அப்புறம் எப்.சி.க்கு போகும்போதுதான் விஷயம் வெளியே வரும். ஆர்.சி. புத்தகத்தில் ஒரு நம்பர், பிளாக்கில் வேறு நம்பர்! இல்லாவிட்டால் ஆறே மாதத்தில் என்ஜின் புகை கக்கும். லேத் பட்டறைக்கு கொண்டு போனால் "இனிமே போர் அடிக்க இடமில்லை" என்று கையை விரித்து விடுவார்கள்.

இந்த என்ஜின் எங்கே பிறந்தது, எத்தனை முறை பிரித்து மாட்டப்பட்டது என்ற கதையில் பெரும்பகுதி அந்த இரும்பு மேலேயே எழுதி இருக்கிறது. படிக்க தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

697 என்றால் என்ன?

டாடா லாரி ஓட்டியவர்களுக்கு 697 என்ஜினை தெரியாமல் இருக்காது. அது என்ன 697? முதலில் இருக்கும் 6, சிலிண்டர் எண்ணிக்கை. அடுத்த 97, சிலிண்டர் துளையின் விட்டம் 97 மில்லி மீட்டர். அதே கணக்குதான் 692-க்கும். 6 சிலிண்டர், 92 மில்லி மீட்டர். 497 என்றால் 4 சிலிண்டர். ஆக, ஹெட்டை கழற்றி துளையை அளந்தாலே அது எந்த என்ஜின் என்று தெரிந்து விடும். 697 என்று சொல்லி விற்ற என்ஜினில் அளவு 92 சொச்சம் வந்தால், சொன்னது பொய்.

697-க்கு பூர்வீகம் ஜெர்மனி. 1954-ம் ஆண்டு டாடா நிறுவனம் டெய்ம்லர் பென்சுடன் ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்க தொடங்கியது. பெரியவர்கள் இன்றைக்கும் "பென்ஸ் லாரி" என்று சொல்வது அதனால்தான். 1969-ல் ஒப்பந்தம் முடிந்து பென்ஸ் நட்சத்திரம் போனது. ஆனால் அடையாளம் போகவில்லை. பென்சின் ஓ.எம். 352 என்ஜினுக்கும் டாடா 697-க்கும் துளை 97, ஸ்ட்ரோக் 128 மில்லி மீட்டர், கொள்ளளவு 5,675 சி.சி. என்று எல்லாமே ஒன்றுதான்.

லேலண்டில் இந்த கணக்கு செல்லாது. அங்கே 370, 400, 680 என்று போட்டிருப்பது கொள்ளளவு, அதுவும் இங்கிலாந்துக்காரர்கள் வழக்கப்படி கன அங்குலத்தில். ஒரு கன அங்குலம் என்பது சுமார் 16.4 சி.சி. அப்படி பார்த்தால் 370 என்றால் 6 லிட்டர், 680 என்றால் 11 லிட்டர். 1949-ல் எண்ணூரில் ஆஸ்டின் கார் பூட்ட தொடங்கிய அசோக் மோட்டார்ஸ்தான், இங்கிலாந்து லேலண்டுடன் சேர்ந்து 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. 1980-களில் ஜப்பான் ஹினோ என்ஜின் வந்தது. எனவே 1970-களில் பதிவான லேலண்ட் வண்டியில் ஹினோ உட்கார்ந்திருந்தால், அது பிறவி என்ஜின் இல்லை, இடையில் வந்தது.

பெர்க்கின்ஸ் இரண்டையும் கலந்து வைத்தது. 6.354 என்றால் 6 சிலிண்டர், 354 கன அங்குலம். அதற்கும் முந்தைய பி6 என்ஜினை சென்னை சிம்சன் கம்பெனி இங்கேயே தயாரித்தது. பெட்ரோலில் ஓடிய பழைய டாட்ஜ், பெட்போர்டு லாரிகளை டீசலுக்கு மாற்றியபோது இந்த பி6 நிறைய வண்டிகளில் ஏறியது. அந்த மாதிரி வண்டியில் என்ஜின் வேறு கம்பெனியாக இருப்பதாலேயே திருட்டு என்று முடிவு கட்டிவிட முடியாது. மாற்றம் ஆர்.சி.யில் ஏறி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

புடைத்த நம்பர், குத்திய நம்பர்

பலரும் ஏமாறுவது இங்கேதான். பிளாக்கில் இரண்டு வகை நம்பர் இருக்கும். ஒன்று புடைப்பாக இருக்கும். அது வார்ப்பு நம்பர். இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும்போதே வருவது. ஒரே அச்சில் வார்த்த ஆயிரக்கணக்கான பிளாக்குகளுக்கும் அதே நம்பர்தான். இன்னொன்று, சீவி மட்டமாக்கிய ஒரு சிறு பட்டையில் பஞ்ச் வைத்து குத்தியது. அதுதான் அந்த ஒரு என்ஜினுக்கு மட்டும் சொந்தமான நம்பர். ஆர்.சி.யில் இருக்க வேண்டியது இந்த குத்திய நம்பர். புடைத்த நம்பரை காட்டி "பாருங்க, நம்பர் இருக்கு" என்று யாராவது சொன்னால் தலையாட்ட கூடாது.

வார்ப்பு நம்பர் பக்கத்தில் பல பிளாக்குகளில் வார்த்த தேதியும் புடைப்பாக இருக்கும். சிலவற்றில் கடிகாரம் போல வட்டமாக இருக்கும். இது பெரிய துருப்புச்சீட்டு. வண்டி 1978-ல் பதிவாகி, பிளாக் வார்த்தது 1984 என்று இருந்தால் அந்த பிளாக் பின்னாடி மாற்றியதுதான், வேறு பேச்சே இல்லை. வண்டி பதிவுக்கு சில மாதம் முன்னால் வார்த்திருந்தால் அது இயல்பு.

குத்திய நம்பரில் எழுத்துகள் ஒரே ஆழம், ஒரே வரிசையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்பெனியில் சீவிய பட்டையில் மெஷின் ஓடிய கோடு மெல்லிசாக தெரியும். கிரைண்டர் வைத்து தேய்த்திருந்தால் அந்த கோடு இருக்காது, பட்டையே குழி விழுந்த மாதிரி இருக்கும். பஞ்ச் குத்தும்போது அடியில் உள்ள உலோகமும் நசுங்குவதால், தேய்த்த இடத்திலும் ரசாயனம் தடவி பழைய நம்பரை வரவழைக்கும் வித்தை தடயவியல் துறைக்கு தெரியும். தேய்த்தவர்களுக்குத்தான் அது தெரிவதில்லை.

பம்ப், டைனமோ, ஹெட் இதில் உள்ள நம்பரை வைத்து என்ஜினுக்கு ஜாதகம் எழுத கூடாது. அதெல்லாம் நாலு போல்ட்டில் மாறக்கூடியவை.

எத்தனை தடவை திறந்தது?

சிலிண்டர் தேய்ந்தால் துளையை கொஞ்சம் பெரிதாக குடைந்து பெரிய பிஸ்டன் போடுவார்கள். அதுதான் போர் அடிப்பது. பெரும்பாலும் கால் மில்லி, அரை மில்லி, முக்கால் மில்லி, ஒரு மில்லி என்று படிப்படியாக போகும். பழைய இங்கிலாந்து என்ஜின்களில் 10, 20, 30, 40 என்று இருக்கும். அது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கு. 20 என்றால் ஏறக்குறைய அரை மில்லி. பிஸ்டன் தலையில் இந்த அளவு குத்தி இருக்கும். மேலே கரி படிந்திருந்தால் துடைத்து பார்க்கணும். 697-ல் துளை 97.50 என்று வந்தால் அரை மில்லி போர் முடிந்தது என்று அர்த்தம்.

ஆனால் துளை சரியாக 97 இருப்பதாலேயே "கை படாத என்ஜின்" என்று நம்பி விடக்கூடாது. கடைசி அளவு வரை குடைந்த பிறகு ஸ்லீவ் இறக்கி பழைய அளவுக்கே கொண்டு வந்திருப்பார்கள். பிஸ்டனும் ஸ்டாண்டர்டாகவே இருக்கும். கம்பெனியிலேயே லைனர் போட்டு வரும் என்ஜின்களில் லைனரை மாற்றினாலும் இதே கதைதான். லைனர் இல்லாமல் வந்த பிளாக்கில் துளையின் மேல் விளிம்பில் மெல்லிய வட்டக்கோடு தெரிந்தால், பின்னாடி ஸ்லீவ் இறங்கி இருக்கிறது.

அதனால் கிராங்க்கை கேட்பதுதான் உத்தமம். சிலிண்டருக்கு ஸ்லீவ் உண்டு, கிராங்க்குக்கு அவ்வளவு சுலபமான பரிகாரம் கிடையாது. ஒவ்வொரு முறை தேயும்போதும் கிரைண்டிங் பிடித்து மெலிய வைப்பார்கள், அதற்கு ஏற்ற தடிமனான பேரிங் போடுவார்கள். சம்ப்பை இறக்கி ஒரே ஒரு பேரிங் கேப்பை கழற்றி, பேரிங்கின் முதுகை திருப்பி பார்த்தால் ஸ்டாண்டர்டா, கால் மில்லியா, முக்கால் மில்லியா என்று அதிலேயே இருக்கும். சில பட்டறைகள் கிராங்க்கின் எடைக்கட்டி மீதும் அளவை குத்தி வைப்பது உண்டு. கிராங்க்கையே மாற்றி இருந்தால்தான் இந்த கணக்கு தப்பும்.

இது ஏன் முக்கியம் என்றால், கெட்டிப்படுத்திய கிராங்க்கில் மேல்தோல்தான் பலம். கிரைண்டிங் பிடிக்க பிடிக்க அது போய் விடும். கடைசி அளவில் ஓடும் கிராங்க், முழு லோடில் மேடு ஏறும்போது உடைந்தால் பிளாக்கையும் சேர்த்து கிழித்து விடும். ஹெட்டை அடிக்கடி பேசிங் பிடித்திருந்தாலும் ஆபத்துதான். சில என்ஜின்களில் வால்வு பிஸ்டனில் இடிக்கும் அளவுக்கு போய் விடும்.

சம்ப்பை இறக்க வாங்குபவர் கேஸ்கெட் செலவை கொடுத்தால் போதும், அரை நாள் வேலை. அதற்கு விற்பவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு வண்டி பார்ப்பது நல்லது. பழைய பட்டறை பில் ஒன்று கிடைத்தாலும் லாபம்தான், கிராங்க் அளவும் பிஸ்டன் அளவும் அதில் எழுதி இருக்கும்.

என்ஜினை மாற்றுவது குற்றமில்லை, மறைப்பதுதான் சிக்கல். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவுப்படி, என்ஜினை மாற்றினால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். முந்தைய ஓனர் இதை செய்யாமல் விட்டிருந்தால், வண்டியை வாங்கியவர்தான் என்ஜின் வாங்கிய பில்லை தேடி அலைய வேண்டி வரும். எனவே அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, குத்திய நம்பரின் மேல் பேப்பரை வைத்து பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டு பார்க்க வேண்டும்.