புஷ்றொட்டின் நீளமும் ரிவர்ஸ்டன் ஏற்றமும்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக இல்லுக்கும்புறைக்குச் செல்லும் மலைப்பாதை, ரிவர்ஸ்டன் உச்சியை நெருங்க நெருங்க வளைவுக்கு மேல் வளைவாக ஏறுகின்றது. ஒவ்வொரு திருப்பத்திலும் கியரைக் குறைத்து, எஞ்சினின் வலு முழுவதையும் வாங்கிக்கொண்டே ஏறவேண்டும். மாத்தளைக் கடைத்தெருவில் பழுதின்றி ஓடிய பழைய மோட்டார் வண்டி இங்கே வந்ததும் இளைத்து நிற்பதுண்டு. அதிலும், பெருந்தொகை செலவிட்டு எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய சில நாட்களிலேயே இவ்வாறு நேர்ந்தால், உரியவர் பெற்றோலைக் குறை கூறுவார், காபரேற்றரைக் கழற்றுவிப்பார். குற்றவாளியோ, சில வேளைகளில், பென்சில் பருமனுள்ள ஓர் இரும்புக் கோலாகவே இருக்கும்.

தமிழில் தள்ளுகோல் எனலாம்; பட்டறைகளில் அதற்குப் புஷ்றொட் என்றே பெயர். இலங்கையரின் அன்புக்குரிய மொறிஸ் மைனர் 1948இல் வெளிவந்தபோது அதற்கு இந்தக் கோல்கள் இல்லை. வால்வுகள் சிலிண்டரின் பக்கத்திலேயே நின்றன. 1952இல் 803 சி.சி. எஞ்சின் வந்தது, வால்வுகள் மேலே ஹெட்டுக்கு ஏறின. 1956இல் 948, 1962இல் 1098 சி.சி. என அது வளர்ந்தபோதும் அமைப்பு மாறவில்லை. கீழே சுழலும் கேம் தண்டு டப்பட்டை உயர்த்தும். டப்பட்டின்மீது நிற்கும் புஷ்றொட் றொக்கரின் ஒரு முனையை உயர்த்தும். மறுமுனை தாழ்ந்து வால்வைத் திறக்கும்.

யாழ்ப்பாணத்துத் துலாவைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. றொக்கரே துலா, அதைத் தாங்கும் தூண் ஆடுகால், புஷ்றொட் துலாக்கொடி. கிணற்றின் ஆழத்துக்குக் கொடி குறைந்தால் பட்டை நீரைத் தொடாது. மிகுந்தால் அடியில் இடிக்கும். ஆழம் மாறினால் கொடியையும் மாற்றத்தானே வேண்டும்?

எஞ்சினைப் புதுப்பிக்கையில் இந்த ஆழம் மாறிவிடுகின்றது என்பதே பலர் மறக்கும் செய்தி. வளைந்த ஹெட்டை லேத் பட்டறையில் 1 மில்லிமீற்றர் சீவினால், றொக்கர் அவ்வளவு கீழே இறங்கும்; கோல் அந்த அளவுக்கு நீண்டதாகிவிடும். பிளொக்கின் முகத்தைக் கால் மில்லிமீற்றர் சீவினால் மேலும் அவ்வளவு. மாறாக, தேய்ந்த கேமை மறுபடி கடைந்து, அதன் அடிவட்டம் அரை மில்லிமீற்றர் ஆரம் குறைந்தால், டப்பட் தாழ்ந்து நிற்கும், கோல் குறுகியதாகும். புதிய கெஸ்கட் பழையதைவிட 0.2 மில்லிமீற்றர் தடித்திருந்தால் அதுவும் இதே பக்கம். கூட்டிக் கழித்தால் 0.55 மில்லிமீற்றர் நீளம் மிகுதி. வால்வு இருக்கையை ஆழமாக வெட்டினால் வால்வின் வால் மேலெழும். அப்போது இன்னும் குறுகிய கோல் தேவைப்படும்.

அரை மில்லிமீற்றர்தானே என்று எண்ணலாகாது. மொறிஸ் மைனரில் குளிர்ந்த நிலையில் விடவேண்டிய இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு, அதாவது 0.3 மில்லிமீற்றர் மட்டுமே. ஆயினும் றொக்கரிலுள்ள செப்ப ஆணியைத் திருகி இந்த 0.55ஐச் சரிக்கட்டிவிடலாம், அதற்காகப் புதுக் கோல் வாங்குவது வீண்செலவு. ஆணி தன் புரியின் எல்லைக்கே வந்துவிட்டால்தான் வேறு நீளம் தேட வேண்டும். ஆணி நடுப்பாங்காக நிற்பதே சரியான நீளத்தின் அடையாளம்.

சரிக்கட்டாது விட்டால் விளைவு கடுமையானது. கோல் குறுகினால் டக்டக்கென்று ஒலி கேட்கும். வால்வு முழுதாகத் திறவாது. வலு சற்றுக் குறையும். கோல் நீண்டாலோ ஒலியே இராது. அதுதான் அபாயம். புகைவால்வு தன் வெப்பத்தை இருக்கையில் அமர்ந்திருக்கும் வேளையிலேயே ஹெட்டுக்குக் கையளிக்கின்றது. முழுதாக அமராத வால்வுக்கு அந்த இளைப்பாறுதல் இல்லை. சமவெளியில் தாங்கிக்கொள்ளும், ரிவர்ஸ்டன் ஏற்றத்தில் எஞ்சின் முழுவலுவோடு மெல்ல முனகி ஏறும்போது வால்வின் விளிம்பு எரிந்து சிதையும். இறக்கத்திலும் தொல்லையே: சிறு கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டிய இடத்தில், அமுக்கம் கசியும் சிலிண்டர் தன் பங்கைச் செய்யாது; பிரேக்கின்மீது பாரம் ஏறும்.

இங்கே பட்டறைகளில் அடிக்கடி நேரும் ஒரு குழப்பத்தைத் தெளிவாக்குதல் நன்று. றொக்கர் வால்வின் வாலை எந்த இடத்தில் தொடுகின்றது என்பதும் முக்கியம். வாலில் மை பூசி, எஞ்சினைக் கையால் சில சுற்றுச் சுற்றிப் பார்த்தால், தேய்ந்த கோடு நடுவில், ஒடுங்கியதாக இருக்கவேண்டும். விளிம்பில் இருந்தால் வால்வு பக்கவாட்டில் நெருக்குண்டு அதன் குழலைத் தின்னும். சில அமெரிக்க எஞ்சின்களில் ஒவ்வொரு றொக்கரும் தனித்தனி ஆணியில் தொங்குவதால் கோலின் நீளமே இதைத் தீர்மானிக்கும். மொறிஸ் மைனர் போன்று ஒரே தண்டில் றொக்கர்கள் கோக்கப்பட்ட எஞ்சின்களில் அப்படியன்று. அங்கே ஆடுகாலின் உயரமே தீர்மானிக்கும். தூண்களின் கீழ் மெல்லிய தகடு வைத்து உயரத்தைத் திருத்திய பின்னரே கோலை அளக்கவேண்டும். எண்ணெய் ஏறும் தூணின் தகட்டில் துளையிட மறந்தால் றொக்கர்கள் எண்ணெயின்றிக் காய்ந்துபோகும்.

நீளத்தைக் காண ஒரு பழைய கோலை இரண்டாக வெட்டி, இடையில் புரியாணி பொருத்தி, நீட்டவும் குறுக்கவும் வாய்ப்பாக்கிக்கொள்வர். செப்ப ஆணியை நடுவில் நிறுத்தி, இடைவெளி சரியாகும்வரை திருகி, கழற்றி அளந்தால் போதும். மேல்முனை கிண்ணமாக இருப்பதால் விளிம்பிலிருந்து அளப்பது ஏமாற்றும்; கிண்ணத்தின் அடியிலிருந்தே அளத்தல் வேண்டும். கழற்றிய கோல்களை வரிசை மாறாமல் அட்டையில் குத்தி வைப்பதும், கண்ணாடிமீது உருட்டி வளைவு பார்ப்பதும் நல்ல தொழிலாளரின் வழக்கம்.

இடைவெளி வைக்கும்போது ஒன்பது என்ற எண்ணை நினைவில் வைப்பர். எட்டாம் வால்வு முழுதாகத் திறந்திருக்கையில் முதலாவதையும், ஆறாவது திறந்திருக்கையில் மூன்றாவதையும் செப்பனிடுவர். கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பது.

புதுக் கெஸ்கட் சில நூறு மைல் ஓடியபின் சற்றே அமுங்கும். ஹெட்டின் நட்டுகளை மீண்டும் முறைப்படி இறுக்கினால் றொக்கர் ஒரு மயிரிழை தாழ்ந்து, இடைவெளியும் குறையும். ஆதலால், பூட்டிய வண்டியை முதலில் மாத்தளைச் சமவெளியில் ஓட்டி, நட்டுகளை இறுக்கி, எட்டு வால்வுகளையும் மறுபடி அளந்த பின்னரே இரத்தோட்டைப் பக்கம் திருப்புவர்.