சிங்கப்பூர் - நியூயார்க் எத்தனை மணி நேரம்?

இரவு 11.30க்கு சிங்கப்பூரில் கிளம்பி மறுநாள் காலை 5.30க்கு நியூயார்க் சேரும் என்று டிக்கெட்டில் இருந்தால், 6 மணி நேரப் பயணம் என்று எண்ணிவிடாதீர்கள். அவை அந்தந்த ஊர் நேரங்கள். கோடையில் 12, குளிர்காலத்தில் 13 மணி நேரம் கூட்ட வேண்டும்.

சந்தேகமா? கூகுள் எர்த் புரோவில் டூல்ஸ் மெனுவில் ரூலரை கிளிக் செய்யுங்கள். யூனிட்டை கிலோமீட்டராக மாற்றி, சிங்கப்பூரில் ஒரு கிளிக். உருண்டையைச் சுழற்றி நியூயார்க்கில் ஒரு கிளிக். சுமார் 15,300 கி.மீ. கோடு வடதுருவத்தை ஒட்டிப் போகிறதே என்று திகைக்காதீர்கள், உருண்டையில் அதுதான் குறுக்கு வழி! (பின்காற்று கிடைக்கும் என்று பசிபிக் மேலாகச் சுற்றிப் போவதும் உண்டு.) மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 17. ஏற, இறங்க இன்னும் ஒன்றிரண்டு.

அப்பாவைத் தனியாக அனுப்புகிறீர்களா? சர்க்கரை மாத்திரையை 19 மணி நேரத்துக்குக் கணக்கிட்டு கைப்பையில் வையுங்கள்.