நாற்பது வயதில் சைக்கிள்

நம் நகரங்களிலே இப்பொழுது ஒரு விந்தையைக் காண்கிறோம். ஆறு கிலோ மீட்டர் தொலைவிலுள்ள காரியாலயத்துக்கு மோட்டார் வாகனத்தில் ஏறி, புகையைக் குடித்துக்கொண்டு அரை மணி நேரம் ஊர்ந்து செல்கிறார் ஒரு கனவான். மாலையில் வீடு திரும்பியதும், தேகப்பயிற்சிக்கென்று பணம் கட்டிய கூடத்துக்குப் போய், இருந்த இடத்தை விட்டு நகராத சைக்கிள் ஒன்றை வியர்க்க வியர்க்க மிதிக்கிறார். நகரும் வாகனத்துக்குப் பெட்ரோல் செலவு; நகராத சைக்கிளுக்குச் சந்தாச் செலவு! இவ்விரண்டையும் மிச்சப்படுத்தும் உபாயம் ஒன்று உண்டு. தினந்தோறும் வேலைக்குச் சைக்கிளிலேயே போய் வருவதுதான் அது.

"அதெல்லாம் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு ஆகும், நாற்பதைத் தாண்டிய நமக்குத் தேகம் இடங்கொடுக்குமா?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் நாற்பதைத் தாண்டியவர்களுக்குத்தான் இது அதிக அவசியம். இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கணித்தது. நாற்காலியில் உட்கார்ந்தே சம்பாதிக்கும் மத்தியதரக் குடும்பங்கள் இந்தக் கணக்குக்கு வெளியே இருப்பதாக எண்ணிவிடக் கூடாது.

உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் வெளியிட்ட யோசனைப்படி, வயது வந்த ஒருவர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் வரை மிதமான தேக உழைப்பில் ஈடுபட வேண்டும். ஆறு கிலோ மீட்டரை மணிக்குப் பன்னிரண்டு கிலோ மீட்டர் வேகத்தில் சென்றால் அரை மணி ஆகும். போக அரை மணி, வர அரை மணி. வாரத்தில் ஐந்து நாளைக்குக் கணக்குப் பார்த்தால் சரியாக 300 நிமிஷம்! அப்பியாசத்துக்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதே இல்லை. பிரிட்டனில் சுமார் 2 லட்சத்து 63 ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆராய்ச்சி 2017-ல் வெளிவந்தது. வேலைக்குச் சைக்கிளில் போய் வந்தவர்களிடையே, வாகனங்களில் சென்றவர்களைக் காட்டிலும் மரண விகிதம் நூற்றுக்கு 41 பங்கு குறைவாகக் காணப்பட்டது. எல்லாம் சைக்கிளின் மகிமை என்று சாதிக்க முடியாது. ஆயினும் அலட்சியம் செய்யக்கூடிய வித்தியாசமல்ல.

இவ்வளவும் தெரிந்தே ஆரம்பித்தவர்களில் பலர் ஒரே வாரத்தில் சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துவிடுகிறார்கள். காரணம் சோம்பல் அன்று, ஆவேசம்! பதினைந்து வருஷமாக மிதிக்காத கால்களைக் கொண்டு முதல் நாளே முழுத் தூரத்தையும் வேகமாகக் கடந்துவிட்டு, மறுநாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழகப் பழக இருதயமும் நுரையீரலும் சீக்கிரத்திலேயே தேறிவிடும். தசைகளும் சில வாரங்களில் வலுப்பெறும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களோ, ரத்த ஓட்டம் குறைந்தவையாதலால், மெள்ள மெள்ளத்தான் பலப்படும். "இன்னும் கொஞ்சம் போகலாம்" என்று மூச்சு சொல்லும்போது, "வேண்டாம்" என்று முழங்கால் சொல்லும். நாம் கேட்க வேண்டியது முழங்காலின் பேச்சைத்தான்.

முதலில் வண்டியைச் சரி செய்துகொள்வோம். ஆசனம் தாழ்ந்திருப்பதே முழங்கால் நோவுக்குப் பெரும்பாலும் காரணம். பெடலை அடிமட்டத்துக்கு இறக்கி, அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். அதுவே சரியான உயரம். டயருக்கு எவ்வளவு காற்று வேண்டுமென்பது அதன் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். காற்றுக் குறைந்த டயரையும் எண்ணெய் காணாத செயினையும் வைத்துக்கொண்டு, "எனக்கு வயதாகிவிட்டது" என்று வருந்துவோர் அநேகர்!

இனி, ஆறு வாரத் திட்டம் ஒன்றைச் சொல்கிறோம். முதல் வாரம் காரியாலயத்தின் பக்கமே போக வேண்டாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடியற்காலையில், வீட்டைச் சுற்றிப் பதினைந்து நிமிஷம் மிதித்தால் போதும். இரண்டாம் வாரம் அதுவே இருபத்தைந்து நிமிஷம். மூன்றாம் வாரம், விடுமுறை நாளொன்றில், காரியாலயம் வரை ஒருமுறை போய் வந்து, மேடு எங்கே, பள்ளம் எங்கே, எத்தனை நிமிஷம் ஆகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நான்காம் வாரம் இரண்டு நாள், ஐந்தாம் வாரம் மூன்று நாள், ஆறாம் வாரம் நான்கு நாள் வேலைக்குச் சைக்கிளில் செல்லலாம். அதன் பிறகு அது தானாகவே வழக்கமாகிவிடும். மூட்டு வலி மறுநாள் காலையிலும் நீடித்தால், அந்த வாரத்தின் அளவையே மறுவாரமும் வைத்துக்கொள்ளுங்கள். உட்காரும் இடத்தில் உண்டாகும் வலியைக் கண்டு மட்டும் அஞ்ச வேண்டாம். இரண்டொரு வாரத்தில் அது மறைந்துவிடும்.

கால்களுக்குத் துணையாக, வீட்டிலேயே கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காரலாம், மாடிப்படி ஏறலாம். மிதிப்பதிலோ, அழுத்தி மெதுவாக மிதிப்பதைவிட இலேசாகச் சற்று விரைந்து மிதிப்பதே முழங்காலுக்கு நல்லது. உடன் வருபவரோடு பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். மேட்டிலே இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் அவமானம் ஒன்றுமில்லை.

இருதய நோய், ரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுக்கொண்டே ஆரம்பிக்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும் சிலவகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் உழைப்பினால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடக்கூடும்; சட்டைப் பையில் சிறிது சர்க்கரையோ குளுகோஸோ இருக்கட்டும். நெஞ்சில் இறுக்கமோ மயக்கமோ தோன்றினால் அக்கணமே இறங்கிவிட்டு வைத்திய உதவியை நாட வேண்டும். தலைக்கவசமும், இருட்டில் முன்னும் பின்னும் விளக்கும் அவசியம். மழையில் நனைந்த சக்கரத்தைப் பிரேக் தாமதித்தே பிடிக்கும் என்பதை மறக்கலாகாது.

வியர்வைக்கு என்ன செய்வது? வெயில் ஏறுமுன் புறப்படுங்கள். கடைசி ஒரு கிலோ மீட்டரை நிதானமாகச் செல்லுங்கள். பையை முதுகில் சுமக்காமல் காரியரில் கட்டி, அதில் ஒரு துண்டும் மாற்றுச் சட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். வியர்வைக்கு மருந்து இவ்வளவு சுலபம். "சைக்கிளில் வருகிறாரே, பாவம்!" என்று பிறர் நினைப்பார்களே என்னும் கூச்சத்துக்குத்தான் மருந்து கிடைப்பது கடினம்.

அந்தக் கூச்சம் உடையவர்கள் புதுக்கோட்டையை நினைத்துப் பார்க்கட்டும். 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் அம்மையார் மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த காலத்தில், அங்கே அறிவொளி இயக்கத்தார் கிராமப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்பித்தார்கள். வயலில் நாற்று நட்டவர்களும் குவாரியில் கல்லுடைத்தவர்களும் பரிகாசப் பேச்சைப் பொருட்படுத்தாமல் ஆயிரக் கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். அவர்களுக்கு ஓய்வும் இல்லை, புஷ்டியான ஆகாரமும் இல்லை. சைக்கிள் தங்கள் சுதந்திரம் என்ற எண்ணமே அவர்களுக்குப் பலமாக இருந்தது. படித்த குடும்பத்துச் சகோதர சகோதரிகளுக்கு அந்தத் துணிவில் பாதியேனும் வேண்டாமா?

நம் தேசம் உபயோகிக்கும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் அயல்நாடுகளிலிருந்து வருகிறது. சைக்கிளோ இந்நாட்டிலேயே செய்யப்படுவது, 1949-ல் டி. ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது முதல் சென்னையும் அத்தொழிலில் பேர் பெற்றிருக்கிறது. அதற்கு வேண்டிய இந்தனமோ நம் வீட்டு இட்டிலியும் சாதமும்! புதிதாக வண்டி வாங்கவேண்டும் என்பதுகூட இல்லை. நம் பள்ளிகளிலே பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் வழங்கும் சைக்கிள்கள், அவர்கள் கல்லூரிக்குப் போனபின் எத்தனையோ வீட்டுத் தாழ்வாரங்களில் தூசி படிந்து நிற்கின்றன. அவற்றுக்குக் காற்றடித்து, ஆசனத்தைச் சிறிது உயர்த்தினால், தகப்பனாருக்கோ தாயாருக்கோ அதுவே போதும். விடியற்காலையில் பதினைந்து நிமிஷம். முதல் வாரத்துக்கு அதற்குமேல் ஒரு நிமிஷமும் வேண்டாம்.