தட்டத் தெரியாதது யார் குற்றம்?

தோழர்களே, சம்பளம் விழுந்த மறுநாள் ஏ.டி.எம். மெஷினைக் கவனித்திருப்பீர்கள். பெரும்பாலான மெஷின்கள் முதலில் கார்டை வெளியே தள்ளும். அதை எடுத்தால்தான் பணம் வரும். ஏன் இந்த வரிசை? ஆரம்ப காலத்தில் பல மெஷின்கள் பணத்தை முதலில் கொடுத்துவிட்டுக் கார்டைப் பிறகு நீட்டின. ஜனங்கள் வந்தது பணத்துக்கு. பணம் கைக்கு வந்ததும் 'வந்த வேலை முடிஞ்சது' என்று மனசு கிளம்பிவிடும். கார்டு மெஷினிலேயே கிடக்கும். மறந்தவர்களில் படித்தவர்களும் இருந்தார்கள், பாமரர்களும் இருந்தார்கள். மனிதனைத் திருத்துவது கஷ்டம் என்று கண்டு மெஷினைத் திருத்தினார்கள்.

ரகசிய எண் நாலு இலக்கமாக இருப்பதற்கும் ஒரு கதை உண்டு. 1967 ஜூன் 27-ல் லண்டன் என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கி பணம் கொடுக்கும் மெஷினைத் திறந்தது. அதை உண்டாக்கிய ஜான் ஷெப்பர்ட்-பேரன், இந்தியாவின் ஷில்லாங்கில் பிறந்தவர். ஆறு இலக்கம் வைக்கலாம் என்று நினைத்தாராம். வீட்டில் மனைவியைக் கேட்டால், நாலுக்கு மேல் ஞாபகம் இருக்காது என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாராம். நாலோடு நிறுத்திக்கொண்டதாக அவரே பிற்காலத்தில் சொன்னார். (அந்த எண்ணைக் கண்டுபிடித்த பெருமைக்கு வேறு ஆட்களும் உரிமை கொண்டாடுகிறார்கள். அந்த வழக்கு நமக்கு வேண்டாம்.)

இதையெல்லாம் நாம் எழுதக் காரணம் இருக்கிறது. இப்போது தோட்டத்துக்குள்ளும் கைப்பேசி நுழைந்துவிட்டது. சில இடங்களில் பேர் பதிவதும் குலைக் கணக்கும் அதில்தான். தப்பாகத் தட்டிவிட்ட ஆளை, 'இதுகூடத் தெரியலையா, ஒனக்கு என்னாத்துக்கு போனு?' என்று கேலி பண்ணுகிறார்கள். கேட்டுக் கேட்டு நம் ஆட்களும் 'நமக்குப் படிப்பு இல்லீங்க' என்று தலையைக் குனிந்துகொள்கிறார்கள். மெஷினுக்குள் எழுதி வைத்திருக்கும் கட்டளைகளுக்கு மென்பொருள் என்று பெயர். அதை எழுதினதும் மனிதன்தான். எழுதினவன் நம்மைப் பார்த்து எழுதினானா என்று யாரும் கேட்பதில்லை.

அப்படிப் பார்த்து எழுதிய இடம் ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா. அங்கே கெரிச்சோ பக்கம் தேயிலைத் தோட்டங்கள், நைரோபி நகரத்தில் கூலி வேலை, குடும்பமோ தூரத்துக் கிராமத்தில். பலருக்கு வங்கிக் கணக்கு கிடையாது. வீட்டுக்குப் பணம் அனுப்ப, ஊருக்குப் போகிற ஆளிடமோ பஸ் டிரைவரிடமோ கொடுத்துவிடுவார்கள். போய்ச் சேர்ந்தால் உண்டு. 2005-ல் சஃபாரிகாம் என்ற தொலைபேசிக் கம்பெனி, திக்கா என்ற ஊரிலும் நைரோபியிலும் எம்-பெசா என்ற ஏற்பாட்டைச் சோதனைக்கு விட்டது. 'பெசா' என்றால் அவர்களுடைய சுவாஹிலி மொழியில் பணம். சிறுகடன் வாங்கினவர்கள் தவணையைக் கைப்பேசியில் கட்டவேண்டும்; அன்றைக்கு இருந்த நோக்கம் அவ்வளவே.

ஜனங்கள் செய்ததோ வேறு. ஒருவர் கடனை இன்னொருவர் கட்டினார். வியாபாரி அன்றைய வசூலை இரவுக்குப் பத்திரமாக அதில் போட்டு வைத்தார். பயணம் போகிறவர் இந்த ஊரில் பணத்தைக் கட்டிவிட்டு அந்த ஊரில் எடுத்துக்கொண்டார். வழியில் திருடன் பயம் இல்லை, பாருங்கள். சிலர் டாப் அப் வாங்கி ஊரிலிருக்கும் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினார்கள்.

நமக்குத் தெரிந்த சில முதலாளிகளாக இருந்தால் 'விதியை மீறாதே' என்று நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். இவர்கள் கடன் தவணையை ஓரம் கட்டிவிட்டு, 2007 மார்ச்சில் நாடு முழுக்கத் திறந்தபோது 'வீட்டுக்குப் பணம் அனுப்பு' என்பதையே விளம்பரமாக வைத்தார்கள். மலிவான போன் போதும், இன்டர்நெட் வேண்டாம். பணம் போட, எடுக்க, டாப் அப் விற்கிற கடைக்காரரே போதும். பணம் போனதும் அனுப்பினவருக்கும் எஸ்.எம்.எஸ். வரும், வாங்குகிறவருக்கும் வரும். கடை நோட்டுப் புத்தகத்திலும் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். கிராமத்துப் பாட்டி எம்-பெசாவில் சேராவிட்டாலும், எஸ்.எம்.எஸ்.-ல் வந்த எண்ணைக் கடையில் காட்டிப் பணத்தை வாங்கிக்கொள்ள முடிந்தது. அவசரத்தில் நம்பர் மாறி, பணம் வேறு ஆளுக்குப் போகிற தொல்லை மட்டும் இருந்தது. அதற்கும் பின்னாளில் வழி செய்தார்கள்: அனுப்புகிறபோது வாங்குகிறவர் பெயர் திரையில் வரும், ஆள் மாறியிருந்தால் நிறுத்திவிடலாம்.

கம்பெனி இதைத் தருமத்துக்குச் செய்யவில்லை. கட்டணம் பிடித்தார்கள், லாபமும் பார்த்தார்கள். ஆனால் அந்த லாபம் ஜனங்களின் பழக்கத்தை மதித்ததால் வந்தது.

நம் தோட்டத்துக்குப் புது ஏற்பாடு வருகிறது என்றால் கமிட்டித் தோழர்கள் வாயைத் திறந்து கேட்க வேண்டும். இதை எழுதினவங்க ஒரு நாளாவது விடியற்காலைப் பெரட்டுக்கு வந்து நின்றார்களா? மழையில் நனைந்த கையோடு அந்தத் திரையைத் தட்டிப் பார்த்தார்களா? கண்ணாடி போடாத ஐம்பது வயது அக்காவுக்கு அந்த எழுத்து தெரியுமா? கூட வேலை செய்கிற வங்காளதேசத் தோழருக்கு அந்த மொழி புரியுமா? தவறித் தட்டினால் திரும்பி வர வழி உண்டா?

சில மாதம் பழைய செக்ரோலும் கூடவே ஓடட்டும். இரண்டு கணக்கும் மாறுபட்டால், யார் தப்பாகத் தட்டினது என்று மண்டோர் சத்தம் போட வேண்டாம். எந்த இடத்தில் ஜனங்கள் தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு, எழுதினவனுக்கு அனுப்பட்டும். அன்றன்றைக்கு வெட்டின குலை எத்தனை என்று எழுதின சீட்டு வேலை விடும்போது தொழிலாளி கையில் இருக்க வேண்டும். அந்தச் சீட்டுக்கு ஒப்புக்கொள்ளாத நிர்வாகத்துக்குக் கமிட்டி கையெழுத்துப் போடக்கூடாது.