பணிவு வேறு, மௌனம் வேறு

1977-ம் வருஷம் மார்ச்சு மாதம் 27-ந் தேதி. கானரித் தீவுகளில் ஒன்றான டெனெரீபின் விமான நிலையத்தை மூடுபனி கவிந்திருந்தது. ஓடுபாதையின் ஒரு கோடியிலே டச்சுக் கம்பெனியின் இராட்சத விமானம் ஒன்று புறப்படத் தயாராக நின்றது. அதன் தலைமை விமானி சாமானியரல்லர். அக்கம்பெனியின் விமானிகளுக்கே ஆசிரியர். பக்கத்தில் இருந்த துணை விமானியைப் பரீட்சித்து, அவ்வகை விமானத்துக்குத் தகுதியுள்ளவர் என்று தேர்ச்சி அளித்தவரும் அவரே.

தலைவர் விமானத்தைச் செலுத்த முற்பட்டார். இன்னும் அநுமதி வரவில்லையென்று துணைவர் நினைவூட்டினார். சற்று நேரத்துக்கெல்லாம் தலைவர் மறுபடியும் கிளம்பிவிட்டார். இம்முறை துணைவர் தடுக்கவில்லை. பின்னாலிருந்த எஞ்சினீயர் மட்டும், பாதையில் எதிரே வந்த அமெரிக்க விமானம் விலகிவிட்டதா என்று ஐயத்துடன் வினவினார். விலகிவிட்டதென்று தலைவர் அழுத்தமாகக் கூறினார். அதற்குமேல் அவரை மறுப்பாரில்லை. மறுகணங்களில் இரு விமானங்களும் மோதின. மாண்டவர்கள் 583 பேர். மூடுபனியும் வானொலிக் குழப்பமும் இதற்குக் காரணங்களே. எனினும், உரக்கச் சொல்லப்படாத ஐயமும் ஒரு காரணம் என்பதை மறுக்க இயலாது.

இனி, 1999-ம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதிக்கு வருவோம். லண்டனுக்கு அருகேயுள்ள ஸ்டான்ஸ்டெட் நிலையத்திலிருந்து இருளில் ஒரு கொரியச் சரக்கு விமானம் கிளம்பிற்று. தலைமை விமானியின் முன்னிருந்த கருவி பழுதானது; விமானம் சாய்வதை அது காட்டவில்லை. துணைவரின் கருவியோ சரியாகவே காட்டியது. எஞ்சினீயர் எச்சரித்தார்; துணைவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒரு நிமிஷத்துக்குள் விமானம் தரையில் மோதி, அதிலிருந்த நால்வரும் மாண்டனர்.

இதைக் கண்ட சிலர், கீழைத் தேசத்தார் இயல்பாகவே மேலோருக்கு அடங்கி வாய்மூடி யிருப்பவர் என்று தீர்ப்புக் கூறிவிட்டனர். கொரிய பாஷையில் மூத்தோரிடம் பேசும் முறையே தனி. அவர்கள் பிழையை நேருக்கு நேர் எடுத்துரைக்க இளையோர் கூசுவர் என்பது உண்மைதான். நம் வீடுகளிலும் அவ்வழக்கம் உண்டு. ஆனால் ஒளிவு மறைவின்றிப் பேசுபவரென்று பெயர்பெற்ற டச்சுக்காரர் ஏன் மௌனமானார்? 1978-ல் போர்ட்லண்டு நகரருகே எண்ணெய் தீர்ந்து விழுந்த அமெரிக்க விமானத்தில், அபாயத்தை எஞ்சினீயர் ஏன் ஜாடையாக மட்டும் உணர்த்தினார்? பதவிக்கு அஞ்சுவது எந்தத் தேசத்துக்கும் தனிச் சொத்தன்று.

இதை உணர்ந்த அமெரிக்கர், 1979-ல் கூடி ஆலோசித்து, 1981 முதல் விமானிகளுக்குப் புதியதொரு பயிற்சி அளிக்கலாயினர். கண்ட அபாயத்தைத் தெளிவாகச் சொல்வது இளையவர் கடமை. அதைக் கேட்டுத் தூண்டுவது மூத்தவர் கடமை. இதுவே அதன் சாரம். 1989-ல் நடுவானில் சுக்கான்கள் யாவும் செயலற்ற ஒரு விமானத்தை, தலைவர் ஆல் ஹேன்ஸ் பிறர் யோசனைகளைக் கேட்டு, பிரயாணியாக வந்த வேறொரு விமானியின் கைத்துணையையும் பெற்று, ஸூ நகரில் இறக்கினார். 296 பேரில் 184 பேர் பிழைத்தனர். அப்பயிற்சியே உதவியதென்று அவரே சொன்னார். கொரியக் கம்பெனியும் 2000-க்குப் பின் தன் முறைகளைத் திருத்திக்கொண்டு நற்பெயர் பெற்றது. மனிதர் அதே கொரியரே, மாறியது பயிற்சி.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு துயர நினைவு உண்டு. 2010-ம் வருஷம் மே மாதம் 22-ந் தேதி மங்களூரில் 158 உயிர்களைப் பலிகொண்ட விமானத்தின் தலைவர் செர்பிய நாட்டவர், துணைவர் இந்தியர். இறங்காமல் மீண்டும் மேலே எழும்பும்படி அவ்விந்தியர் மும்முறை கூறினார். தலைவர் செவிசாய்க்கவில்லை. கீழை நாட்டார் பேசமாட்டார் என்போர் இதை அறிய வேண்டும். பேசுவதால் மட்டும் பயனில்லை, கேட்கும் செவியும் வேண்டுமென்பதை நாமும் அறிய வேண்டும்.

கரும்பலகையில் நான் தவறாகக் கணக்கிட்டால் எழுந்து சொல்லும் மாணவன் என் வகுப்பில் உண்டா என்று இப்பொழுதெல்லாம் யோசிக்கிறேன். அத்தகையவனை அடக்கி உட்கார வைப்பது மரியாதை கற்பிப்பதாகாது. பெரியோரை வணங்கவும், அவர் தவறும்போது பணிவோடு தெளிவாகச் சொல்லவும் நம் குழந்தைகளுக்குக் கற்பிப்போமாக. நாளை அவர்களில் ஒருவர் விமானம் ஓட்டக்கூடும்.