முன்பக்க வாசகத்தை நம்பலாமா? உணவு லேபிளைப் படிக்கும் முறை

புதுதில்லி: '100 சதவீத பழச்சாறு' என்ற வாசகத்தை லேபிள்களிலிருந்து நீக்குமாறு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. அடர்சாற்றில் தண்ணீர் கலந்து தயாரிக்கப்படும் பானத்துக்கு அது பொருந்தாது என்பதே காரணம்.

எனவே, பாக்கெட்டின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தைப் படிப்பதே பயனளிக்கும். விதிகளின்படி, சேர்க்கப்பட்ட பொருள்கள் அளவின் இறங்கு வரிசையில் அச்சிடப்பட வேண்டும். பிஸ்கட்டில் 'சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு' முதலிடத்தில் இருந்தால், அதில் அதிகம் உள்ளது மைதாவே. குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் ஆகியவையும் சர்க்கரை வகைகளே.

அடுத்து, உண்ணும் அளவைக் கணக்கிட வேண்டும். 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் உள்ள நொறுக்குத்தீனியை 50 கிராம் உண்டால், உடலில் 400 மில்லிகிராம் சேரும். இது பெரியவர்களுக்கான அன்றாட வரம்பான 2,000 மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு. குழந்தைகளுக்கான வரம்பு இதைவிடக் குறைவு.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட 17 உணவு வழிகாட்டுதல்களில் லேபிளைப் படிப்பதும் ஒன்று. பழம், வேகவைத்த சுண்டல், வறுத்த வேர்க்கடலை போன்றவற்றை வீட்டில் கொடுத்தால், இந்தக் கணக்குக்கே பெரும்பாலும் தேவை இராது.