பழைய பொருள்களால் ஒரு புதிய மணப்பந்தல்

மண்டப அலங்காரத்திற்கென வட்டிக்குக் கடன் வாங்கும் குடும்பங்கள் மும்பையில் நம்மிடையே உண்டு. ஒரே மாலையில் வாடிவிடும் மலர்களுக்கான கடனை இளந்தம்பதியர் ஆண்டுக்கணக்கில் சுமப்பது தகுமோ?

பழமையின் அழகை விரும்பும் பிள்ளைகளுக்கு எளிய வழி ஒன்று உண்டு. தென் மும்பையின் மட்டன் தெருவில் உள்ள சோர் பஜாரில் அரிக்கேன் விளக்குகள், பித்தளைச் செம்புகள், வண்ணக் கண்ணாடிக் குப்பிகள், சுவர்க் கடிகாரங்கள் ஆகியவை கிடைக்கும். வெள்ளிக்கிழமைகளில் அத்தெருக் கடைகள் மூடியிருக்கும்.

அங்கே பழையதாகத் தோன்றும் யாவும் பழையவை அல்ல; கிராமபோன்களில் பல புதிதாகச் செய்யப்பட்டவை. கையில் ஒரு காந்தம் கொண்டு செல்லுங்கள். அது ஒட்டினால், பொருள் பித்தளையன்று, மேற்பூச்சிட்ட இரும்பு. விலை பேசியே வாங்குங்கள்.

புளியும் உப்பும் இட்டுத் தேய்த்தால் பித்தளை பொன்போல் மின்னும். செம்புகளில் சாமந்தி வையுங்கள். ஈயம் பூசாதவற்றில் உணவு வைக்காதீர்கள். அரிக்கேனுக்குள் மண்ணெண்ணெய்க்குப் பதிலாகப் பேட்டரி விளக்கை வைப்பதே துணிப்பந்தலுக்குப் பாதுகாப்பு.

ஆயினும் மிகச் சிறந்த கடை நம் வீட்டுப் பரணே. ஊரிலிருந்து தாத்தா சுமந்துவந்த டிரங்குப் பெட்டி, வாழ்த்து மடல்களை ஏற்கட்டும். பாட்டியின் பட்டுச்சேலை மேசை விரிப்பாகட்டும். பெற்றோரின் கறுப்பு வெள்ளைத் திருமணப் படம் வாயிலில் விருந்தினரை வரவேற்கட்டும். வெறுங்கையராய் வந்தவர்களைக் கர்த்தர் நடத்திவந்த பாதையைப் பிள்ளைகள் அதில் காண்பார்கள்.

திருமணம் முடிந்ததும் செம்பும் விளக்கும் புதுவீட்டை அலங்கரிக்கும். கடன் மட்டும் அவ்வீட்டிற்குள் நுழையாது.